கரி என்கிற கரிவரதன்

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டதும் எங்கள் செட்டில் நாலைந்து பேருக்குப் போன் போட்டேன். ஆசிரியர்களைப் பற்றியும் ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றியும் போன மலர்களில் நிறையவே வந்தாயிற்று. வேறு என்ன எழுதலாம் என்று கேட்டால், எல்லாரும் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நின்றார்கள். சோழவரம்!

இளைய செட் மாணவர்களுக்கு இந்தப் பேர் ஒன்றும் சொல்லாது. அப்போல்லாம் ஜனவரி, பிப்ரவரி வந்தால் எங்களில் சிலருக்குக் காய்ச்சல் கண்டுவிடும். காசு சேர்த்து, நெல்லை எக்ஸ்பிரஸில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் இடித்துப் பிடித்து ஏறி, எழும்பூரில் இறங்கி, பஸ் மாறி செங்குன்றம் தாண்டிச் சோழவரம் போய்ச் சேர்ந்தால் காதைப் பிளக்கிற சத்தம். திரும்பி வந்து ஒரு மாசத்துக்கு ஹாஸ்டலில் அதே பேச்சுதான். எந்தக் கார் எப்படிக் கிளம்பியது, எந்த வளைவில் யார் யாரை முந்தினார்கள் என்று ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் ஓடும். அந்தப் பேச்சில் அடிக்கடி வந்து விழுகிற பேர் ஒன்று உண்டு. கரி. முழுப்பேர் எஸ். கரிவரதன். கோயமுத்தூர்க்காரர்.

அவர் காலமாகி முப்பது வருஷம் ஆகிவிட்டது. கார்ப் பந்தயம் என்றால் நரேன் கார்த்திகேயன் பேரைச் சொல்கிற இன்றைய பிள்ளைகளுக்கு, அந்த நரேன் ஏறி வந்த ஏணியைச் செய்து வைத்தவர் யார் என்று தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கரிவரதன் 1954-ல் பிறந்தவர். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. கோவில்பட்டிக்காரர்களுக்கு லட்சுமி மில்லைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்! நம்ம ஊரில் பாதிப்பேர் வீட்டுக் கடிகாரமே அந்த மில் சங்குதானே. 1910-ல் ஜி. குப்புசாமி நாயுடு கோவை பாப்பநாயக்கன்பாளையத்தில் ஆரம்பித்த மில்லுக்குக் கோவில்பட்டியிலும் ஒரு கிளை ஏற்பட்டதற்குக் காரணம் நம்ம கரிசல் மண்ணும் அதில் விளைந்த பருத்தியும். கருங்கண்ணிப் பருத்தியை ஆராய்வதற்கென்றே 1901-லேயே இங்கே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வந்துவிட்டது. அந்தப் பருத்தி நூலாகி, நூல் மில்லாகி, மில்லிலிருந்து 1962-ல் நூற்பு யந்திரம் செய்கிற லட்சுமி மெஷின் ஒர்க்ஸும் வந்தது. வேகத்தின் மேல் ஒரு பையனுக்கு ஆசை வந்தபோது அவனைச் சுற்றி லேத்தும், வார்ப்படப் பட்டறையும், நூலிழை கனத்துக்குத் துல்லியம் பார்க்கிற பிட்டர்களும் இருந்தார்கள். நம்ம கருசக்காட்டுப் பருத்திக்கும் அந்த ரேஸ் காருக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு என்று நான் சொல்லிக்கொள்வேன். நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவர் பேருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. கரி என்றால் யானை. முதலை வாயில் அகப்பட்ட யானை கூப்பிட்டதும் கருடன் மேல் ஏறிப் பறந்து வந்து வரம் தந்த பெருமாள்தான் கரிவரதன். அவசரத்துக்கும் வேகத்துக்கும் இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா!

இனி சோழவரத்துக்கு வருவோம். அது பந்தயத்துக்கென்று கட்டின இடம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானம் இறக்குவதற்காகப் போட்ட ஓடுதளம். சண்டை முடிந்ததும் விமானம் போயிற்று, சிமெண்டுத் தரை மிஞ்சியது. உலகம் முழுக்கவே அப்படித்தான் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் ஒரு போர் விமானத் தளம். 1948-ல் அங்கே கிராண்ட் பிரீ பந்தயம் ஓடினார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா பையன்கள் பழைய போர்டு கார்களைப் பிரித்து மேய்ந்து, கனத்தைக் குறைத்து, தெருவிலும் காய்ந்த ஏரிப் படுகையிலும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விமான ஓடுதளம் கிடைத்தபோது பிறந்ததுதான் டிராக் ரேஸ். 1950-ல் சாந்தா ஆனா என்ற ஊரின் ஓடுதளத்தில் முறையாக டிக்கெட் போட்டு நடத்தினார்கள். மறு வருஷமே வாலி பார்க்ஸ் என்பவர் அதற்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார். பையன்களைத் தெருவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து ஓடுதளத்தில் விடுவதுதான் அதன் நோக்கம்.

எங்கள் செட்டில் டிராக் பைத்தியங்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். டிராக் ரேஸில் வளைவே கிடையாது. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் கால் மைல், அதாவது 402 மீட்டர், நேராக ஓட வேண்டும். யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவர் ஜெயித்தார். கேட்க எளிசு. ஆனால் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் காரின் கனம் முழுக்கப் பின் சக்கரத்துக்குப் போகும். அந்தக் கனத்தை டயர் பிடித்துக்கொள்ள வேண்டும். அதிகம் அழுத்தினால் டயர் புகைந்து நிற்கும், குறைவாக அழுத்தினால் பக்கத்துக்காரன் போய்விடுவான். ஆரம்பத்தில் எஞ்சின் முன்னால், ஓட்டுபவர் பின்னால் என்றுதான் அமைப்பு. 1970-ல் டான் கார்லிட்ஸ் என்ற பேர்போன ஓட்டுநரின் காரில் கியர் அமைப்பு வெடித்து அவர் பாதத்தில் பாதி போயிற்று. ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே யோசித்து, 1971-ல் எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து ஜெயித்தார். அதற்குப் பிறகு எல்லாரும் அப்படித்தான்.

சோழவரத்தில் நடந்தது டிராக் ரேஸ் அல்ல, சுற்றிச் சுற்றி வருகிற சர்க்யூட் ரேஸ். கரியும் டிராக் ஓட்டுநர் இல்லை. ஆனால் அந்த ஓடுதளம் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருந்ததால், நீண்ட நேர்கோடும் அதன் முடிவில் திடீரென்று ஒரு வளைவும் மாறி மாறி வரும். நேர்கோட்டில் யார் முதலில் வேகம் எடுக்கிறார்கள் என்பதே பாதிப் பந்தயம். மற்ற பாதி, அந்த வேகத்தை எங்கே பிரேக் போட்டு அடக்குகிறார்கள் என்பது. நின்று பார்க்கிறவர்களுக்கு டிராக் ரேஸும் சர்க்யூட் ரேஸும் ஒரே டிக்கெட்டில் கிடைத்த மாதிரி!

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் உண்டானது. அவர்கள்தான் வருஷா வருஷம் சோழவரத்தில் பந்தயம் நடத்தினார்கள். ஆயிரம் ஆயிரமாக ஜனம். தலையில் துண்டு, கையில் புளியோதரைப் பொட்டலம். வெயிலைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். நம்ம ஊர்ப் பக்கம் எல்லைப் பந்தயத்தில் மாட்டு வண்டி ஓடும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்போமே, அதே மாதிரிதான். இன்றைக்கு நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அவ்வளவு வேகத்துக்கும் அவ்வளவு ஜனத்துக்கும் நடுவில் பெரிய தடுப்பு என்று ஒன்றும் இருந்ததில்லை.

ஓடின வண்டிகளைப் பற்றித்தான் எங்கள் ஆட்கள் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. அந்தக் காலத்தில் நம் நாட்டில் கிடைத்த கார் மூன்றே மூன்று: அம்பாசிடர், பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வெளிநாட்டுக் கார் இறக்குமதி என்பது லைசென்ஸ், சுங்கவரி என்று ஆளைக் கொல்லும் சங்கதி. ஆகவே இருப்பதை வைத்து வித்தை காட்ட வேண்டும். ஹெரால்டின் அடிச்சட்டம் தனி, மேல்கூடு தனி. போல்ட்டைக் கழற்றிக் கூட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தகட்டில் வேறு உடம்பு கட்டலாம். பியட்டின் சிலிண்டர் ஹெட்டைச் சீவினால் அழுத்தம் கூடும். வால்வைப் பெரிசாக்கி, காற்று போகிற துவாரங்களைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, பிளைவீலைக் கடைசலில் கொடுத்து எடை குறைத்து, இரட்டைக் கார்பரேட்டர் வைத்தால் அம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிப்போகிற பியட் வேறு பிறவி எடுத்துவிடும். சீட்டு, கதவு மெத்தை, கண்ணாடி எல்லாம் போயிருக்கும். மெக்கானிக்கல் படித்த நாங்கள் புத்தகத்தில் படித்த கம்ப்ரஷன் ரேஷியோ என்றால் என்ன என்று நிஜமாகப் புரிந்தது அந்தப் புழுதியில்தான்.

இன்னொரு பக்கம் பணம் இருந்தவர்கள் வெளிநாட்டிலிருந்து நிஜமான பந்தயக் கார்களையே கொண்டுவந்தார்கள். விஜய் மல்லையா என்சைன் என்ற பார்முலா ஒன் காரைச் சோழவரத்தில் ஓட்டியது பலருக்கு நினைவிருக்கும். அது போகிற சத்தத்தைக் கேட்கவே டிக்கெட் காசு சரியாகப் போச்சு. ஆனால் அதோடு யார் போட்டி போடுவது? ஒரு பக்கம் கோடி ரூபாய் யந்திரம், இன்னொரு பக்கம் சீவின பியட். பூஞ்சிட்டு மாட்டையும் பெரிய மாட்டையும் ஒரே கோட்டில் விட்ட கதைதான். நம்ம பந்தயத்தில்கூட அப்படி விடமாட்டார்களே! பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தானே ஓட்டுவார்கள். ஓட்டுகிறவன் கெட்டிக்காரனா, மாடு கெட்டிக்காரத்தனமா என்று தெரிய வேண்டுமென்றால் மாடுகள் சரிசமமாக இருக்க வேண்டும்.

கரி இந்த இரண்டு உலகத்தையும் பார்த்தவர். எழுபது, எண்பதுகளில் இந்தியாவின் முன்னணிப் பந்தய ஓட்டுநர்களில் ஒருவர் என்று பேர் வாங்கினார். குடும்ப வசதி இருந்தது, கையில் வேகம் இருந்தது, பட்டறை இருந்தது. இன்னும் பெரிய கார், இன்னும் பெரிய கோப்பை என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பந்தய உலகில் அதுதான் வழக்கமும்கூட. அவர் செய்தது வேறு. அதற்காகத்தான் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். நாற்பது குதிரை சக்திகூடக் கிடையாது. பந்தயக்காரர்கள் அதை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கரி பார்த்தார். எஞ்சின் சின்னது, லேசானது, லேசில் கெடாது. நாட்டின் எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும். கொஞ்ச நாளில் நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கே அது அத்துப்படி. இந்த எஞ்சினையும் கியர் பெட்டியையும் எடுத்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டின கூண்டு மாதிரியான சட்டத்தில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினால்? ஒரே ஒரு சீட், நாலு சக்கரமும் வெளியே தெரிகிற அசல் பந்தயக் கார்! எண்பதுகளின் கடைசியில் வந்த அந்த வண்டிதான் பார்முலா மாருதி.

இதில் வித்தை எஞ்சினில் இல்லை. எல்லாக் காரும் ஒரே மாதிரி இருப்பதில்தான் வித்தை. ஒரே எஞ்சின், ஒரே சட்டம், ஒரே டயர். ஜெயித்தால் ஓட்டியவன் ஜெயித்தான், தோற்றால் ஓட்டியவன் தோற்றான். அப்பா பணக்காரர் என்பதால் உன் வண்டி முந்தாது. நாற்பது குதிரை சக்தி வண்டியில் ஒரு வளைவில் தேவையில்லாமல் பிரேக்கைத் தொட்டால், போன வேகத்தைத் திரும்பப் பிடிக்க அடுத்த நேர்கோடு முழுக்கத் தேவைப்படும். பெரிய எஞ்சின் உள்ளவன் தப்பு செய்தால் அழுத்தினால் சரியாகிவிடும். சின்ன எஞ்சின்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே அவன் சுத்தமாக ஓட்டக் கற்றுக்கொள்கிறான். வாத்தியார் இல்லாமலே பாடம் சொல்லிக் கொடுக்கிற வண்டி அது.

இந்த யோசனை உலகத்துக்குப் புதிது அல்ல. போர் முடிந்த கையோடு 1946-ல் இங்கிலாந்தில் ஜான் கூப்பர் இரண்டு பழைய பியட் கார்களின் முன்பக்கங்களை எடுத்து ஒட்டவைத்து, மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பின்னால் மாட்டி ஒரு கார் செய்தார். 500 சிசி. அந்த மாதிரிக் காரில்தான் ஸ்டர்லிங் மாஸ் பந்தயம் பழகினார். அமெரிக்காவில் வோக்ஸ்வேகன் பாகங்களை வைத்து பார்முலா வீ வந்தது. 1967-ல் சாதாரண போர்டு எஞ்சினை வைத்து பார்முலா போர்டு வந்தது. அயர்டன் சென்னா இங்கிலாந்துக்கு வந்து 1981-ல் முதலில் ஜெயித்தது அதில்தான். ஆக, பெரிய ஓட்டுநர்கள் பெரிய காரில் பிறப்பதில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் இந்தியாவில் இன்னும் சிலர் இருந்திருப்பார்கள். வெல்டிங் ராடைக் கையில் எடுத்தவர் கரி. அதுவும் கோயமுத்தூரில், பம்பு செட்டும் கிரைண்டரும் செய்கிற ஊரில், அந்தப் பட்டறைக் கைகளை வைத்தே.

சோழவரத்தின் காலம் முடிந்து, கிளப்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலம் வாங்கி, 1990-ல் சுமார் 3.7 கிலோமீட்டர் தடம் போட்டார்கள். வளைவு வளைவாக, பந்தயத்துக்கென்றே கட்டின தடம். பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். சோழவரத்து ஜனம் இங்கே வரவில்லை, அந்தத் திருவிழாக் களை இல்லை என்றார்கள். உண்மைதான். ஆனால் பிள்ளைகள் பழக அந்தத் தடமும் பார்முலா மாருதியும் ஒரே சமயத்தில் அமைந்தது நல்ல நேரம்.

கரியின் உறவுக்காரப் பையன் ஒருவன், கோவைதான், அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு தடவை ஜெயித்தவர். அந்தப் பையன் நரேன். 1977-ல் பிறந்தவன். பதினைந்து, பதினாறு வயதில் பிரான்சில் ஓட்டுநர் பள்ளிக்குப் போய்விட்டு வந்து, ஸ்ரீபெரும்புதூரில் பார்முலா மாருதியில் முதல் பந்தயம் ஓடினான். முதல் ஓட்டத்திலேயே மேடை ஏறினான். 1994-ல் இங்கிலாந்தில் பார்முலா போர்டு குளிர்காலத் தொடரை ஜெயித்தான். ஐரோப்பாவில் ஒரு சாம்பியன்ஷிப்பை வென்ற முதல் இந்தியன்.

இதுவரைக்கும்தான் கரி பார்த்தார். 1995-ல் நேர்ந்த விமான விபத்தில் அவர் காலமானார். நாற்பது வயதை அப்போதுதான் தாண்டியிருந்தார். பந்தயத் தடத்தில் எத்தனையோ வருஷம் ஆபத்தோடு விளையாடியவரை ஆகாயம் கொண்டுபோய்விட்டது. அந்தச் செய்தி பேப்பரில் வந்த அன்றைக்கு, எங்கள் செட்டில் ஒருவன் வேலை பார்த்த இடத்திலிருந்து எனக்கு டிரங்க் கால் போட்டான். என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வைத்துவிட்டோம். அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் வீட்டில் ஒருத்தர் போன மாதிரி இருந்தது.

அவர் விதைத்தது நிற்கவில்லை. 1996-ல் நரேன் பார்முலா ஆசியா சாம்பியன். 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஜோர்டான் அணிக்காகப் பார்முலா ஒன்னில் இறங்கினார். முதல் இந்தியர்! அதே வருஷம் ஜூனில் அமெரிக்காவில் நாலாவது இடம். ஓடியதே ஆறு கார்தான், மற்றவர்கள் டயர் தகராறில் விலகிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படி இருந்தாலும் அந்த ஐந்து புள்ளிகள் கணக்கில் ஏறிவிட்டன. பிறகு சென்னைப் பையன் கருண் சந்தோக் 2000-ல் பார்முலா மாருதியில் ஆரம்பித்து 2010-ல் பார்முலா ஒன் போனார். பார்முலா ஒன் ஓட்டிய இந்தியர்கள் இந்த இரண்டே பேர். இரண்டு பேரும் அந்த 796 சிசி வண்டியில் பழகினவர்கள். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும். கரியைப் புகழ்கிற கட்டுரைகளில் ஏழைக்கும் பந்தயம் கிடைத்தது என்கிற மாதிரி எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. பார்முலா மாருதி விலை குறைந்ததுதான், வெளிநாட்டுக் காரோடு ஒப்பிட்டால். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவர் மகனுக்கு அது எட்டவில்லை. நரேனும் கருணும் பந்தயக் குடும்பத்துப் பிள்ளைகள். கரி கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தார், அவ்வளவுதான். முழுசும் திறப்பதற்கு அவருக்கு ஆயுசு இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எவ்வளவு திறந்தார்கள் என்று கேட்டால், எனக்குத் திருப்தி இல்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், வேக ஆசை என்பது வசதி பார்த்து வருவதில்லை. நம்ம ஊர் நாலுவழிச் சாலையில் சாயங்காலம் நின்று பாருங்கள். சைலன்சரைக் கழற்றின பைக்கில் இரண்டு பையன்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கண்ணைக் காட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அது டிராக் ரேஸேதான். விளக்கு இல்லை, கோடு இல்லை, ஹெல்மெட் இல்லை, எதிரே லாரி இருக்கிறது. கரிசல் காடு இரண்டு பக்கமும் விரிந்து கிடக்க, ரோடு நேராகக் கோடு கிழித்த மாதிரி போகிறதே, ஆசை வராமல் என்ன செய்யும்! எத்தனை வீடுகளில் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். போலீஸ் பிடித்து அபராதம் போடுவது சரிதான். கலிபோர்னியாவிலும் முதலில் அதைத்தான் செய்தார்கள். பிறகுதான் ஓடுதளத்தைக் கொடுத்தார்கள்.

ஓடுதளத்துக்கு நம் பக்கம் பஞ்சமா? கயத்தாறில் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருந்தது. கோவில்பட்டிக்கும் ஒரு சின்ன விமானத் தளம் உண்டு. அதில் விமானி பயிற்சிப் பள்ளி வைக்க அரசாங்கம் சமீபத்தில் முயற்சி எடுத்தது. நல்லதுதான். அதை நான் பந்தயத்துக்குக் கேட்கவில்லை. கால் மைல் ஓட்டமும் நிற்பதற்கு இன்னொரு அரை மைலும் இருந்தால் போதும். புதிதாகப் போடுவதென்றால் நம் சிவில் நண்பர்களுக்கு நல்ல தலைவலி. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி கை போகிற அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் அப்படியே தார் போட்டால் இரண்டு மழைக்குத் தாங்காது. மண்ணை ஆழமாக எடுத்துவிட்டுச் சரளை போட வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்த வேண்டும். செலவுதான். ஆனால் கூடுகை நாளில் இதைப் பற்றி உட்கார்ந்து பேச நம்மிடம் சிவிலும் இருக்கிறார்கள், மெக்கானிக்கலும் இருக்கிறார்கள், காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் சமீப வருஷங்களில் மோட்டார் சைக்கிளுக்குத் தேசிய டிராக் பந்தயமே முறைப்படி நடத்துகிறார்கள். விளக்கு, கோடு, டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. ஆசைப்படுகிற நம் பையன்களை முதலில் அங்கேயாவது ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

கரியின் பேரில் இன்று ஒரு தடம் இருக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில், லேசு ரக விமானங்கள் ஏறி இறங்கின ஒரு ஓடுதளத்தை 2002-ல் முன்னாள் பந்தய ஓட்டுநர் பி. விஜயகுமார் வாங்கினார். பந்தயக் கார்களை ஓட்டிப் பார்ப்பதற்காக என்றுதான் முதலில் எண்ணம். பிறகு அந்த ஓடுதளத்தைச் சுற்றியே வளைவுகள் சேர்த்து 2.1 கிலோமீட்டருக்குத் தடமாக்கினார்கள். 2003-ல் திறந்தார்கள். பேர், கரி மோட்டார் ஸ்பீட்வே. சோழவரத்தைப் போலவே இதுவும் விமானத்திடமிருந்து கார் வாங்கிக்கொண்ட இடம்தான். தேசியப் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன.

எங்கள் செட் ஆட்கள் வரும் சீசனில் வேன் பிடித்து அங்கே போவதாக இருக்கிறோம். கோவில்பட்டியிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் முற்பகல் பந்தயத்தையே பிடித்துவிடலாம். இந்தத் தடவை ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் இடிபட வேண்டியதில்லை. கடலை மிட்டாயும் புளியோதரையும் எங்கள் பொறுப்பு. வேனில் நாலு சீட் பாக்கி இருக்கிறது. எந்த செட்டாக இருந்தாலும் சரி, வருகிறவர்கள் கூடுகை அன்றைக்கே பேர் கொடுத்துவிடுங்கள்.